சுருக்கிச் சொன்னது

சலவைக்கூடத்துக்குச் சுற்றுலா என்று அவள் சொன்னதும் வகுப்பு சிரித்தது. மேடம் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

பயணமும் சுற்றுலாவும் படிக்கும் இறுதியாண்டு மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, ஓர் அரைநாள் சுற்றுலாவைத் தாங்களே வடிவமைக்க வேண்டும். பிறகு நிஜமான விருந்தினர்களை அழைத்துப் போய்க் காட்ட வேண்டும். செய்முறைத் தேர்வின் மதிப்பெண்ணில் பெரும்பகுதி அதற்குத்தான். மற்றவர்கள் பழைய கட்டடங்கள், படகுத்துறை, கடைவீதி என்று எடுத்திருந்தார்கள்.

"அழுக்குத் துணியைப் பாக்க யாரு காசு குடுத்து வருவா?" என்று கேட்டான் மைக். குரலால் வந்த பெயர் அது. பேருந்தின் கடைசி இருக்கைவரை ஒலிபெருக்கி இல்லாமலே அவன் பேசுவது கேட்கும். இந்தத் தேர்வில் அவன்தான் அவளுடைய கூட்டாளி.

"ஹோட்டல்ல தங்கறவங்க ராத்திரி ஒரு விரிப்புல படுக்கறாங்க. காலைல ஊர் சுத்தப் போறாங்க. திரும்பி வந்தா வேற விரிப்பு, சுருக்கமே இல்லாம. நடுவுல என்ன நடக்குதுன்னு யாருமே பாத்ததில்ல. அந்த நடுவைக் காட்டலாம்னு தோணுச்சு."

மேடம் பேனாவை மூடி மேசையில் வைத்தார். ஒன்று அவருக்குப் பிடித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

"அனுமதி கிடைக்குமா?"

"எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க அங்க வேலை பாக்கறாங்க மேடம்."

அந்த வார்த்தையை அவள் யோசித்துப் பொறுக்கி எடுக்கவில்லை. அது தானாக வந்தது. உட்கார்ந்த பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தெரிந்தவர். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. பெற்ற தாயை யாருக்குத்தான் தெரியாமல் இருக்கும்?

கல்லூரியில் சேர்ந்த புதிதில், வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அம்மா ஹோட்டல் லைன்ல இருக்காங்க" என்று சொல்லியிருந்தாள். கேட்டவர்கள் வரவேற்பு மேசையையோ அலுவலக அறையையோ நினைத்துக்கொண்டிருக்கலாம். அவள் திருத்தவில்லை. மூன்றாம் ஆண்டு வரும்போது அது திருத்த முடியாத அளவுக்குப் பழையதாகிவிட்டிருந்தது.

*

அம்மா வேலை பார்த்த சலவைக்கூடம் ஊரின் பெரிய ஹோட்டல்களுக்கெல்லாம் பொதுவானது. வண்டி வண்டியாக விரிப்பும் துவாலையும் வரும், துவைக்கப்படும், பிழியப்படும். கடைசியில் விரிப்புகள் ஓர் அறை நீளத்துக்கு இருக்கும் உருளை மிஷினில் சூடாகத் தேய்க்கப்பட்டு வெளியே வரும். அந்த மிஷினுக்கு விரிப்பை ஊட்டுகிறவள் அம்மா. ஒரு முனை அம்மா கையில், மறு முனை பெரியக்கா என்று எல்லோரும் அழைக்கும் இன்னொரு பெண்ணின் கையில். இரண்டு பேரும் ஒரே மூச்சில் இழுத்து, ஒரே மூச்சில் விட வேண்டும். இல்லாவிட்டால் விரிப்பு கோணலாகப் போகும். அம்மாவின் முழங்கைக்குக் கீழே உட்புறத்தில், சூட்டுத் தகடு உரசிய பழைய தழும்புகள் கோடு கோடாக இருந்தன.

"சூப்பர்வைசர் என்ன சொன்னாரு?" என்று அவள் கேட்டாள்.

"மொதல்ல முடியவே முடியாதுன்னாரு. வெளி ஆளுங்க வந்தா அடிபட்டுட்டா யாரு பாக்கறதுன்னு. நான் சொன்னேன், என் பொண்ணு பரீட்சைங்க, ஒரு வேளை கண்ணை மூடிக்கங்கன்னு." அம்மா கைகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். "அப்புறம் ஞாயித்துக்கிழமை ஷிப்டுக்கு ஆள் இல்லைன்னு இழுத்தாரு. நான் வர்றேன்னுட்டேன். உடனே கண்ணை மூடிக்கிட்டாரு."

"எத்தனை ஞாயிறும்மா?"

"அதை ஏன் கேக்கற. நீ போய்ப் படி."

பேருந்து ஓட்டுநரான அப்பா தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "நான் பாதி ஊருக்கு வண்டி ஓட்டறேன். என் பஸ்ஸைப் பாக்க ஒருத்தனும் வர மாட்டேங்கறான். இவ வேலை செய்யற இடத்தைப் பாக்க வெளிநாட்டுலேருந்து வர்றாங்க" என்றார்.

"உங்க பஸ்ஸுல ஏறினவனே எப்படா எறங்கலாம்னு இருக்கான்" என்றாள் அம்மா.

விருந்தினர்கள் பிரெஞ்சு பேசுகிறவர்கள். ஓய்வுபெற்றவர்களின் குழு. வகுப்பில் அந்த மொழி நன்றாக வருவது அவளுக்குத்தான். அதனால் பேச்சு முழுவதும் அவளுடையது, பேருந்தும் தண்ணீரும் தலை எண்ணுவதும் மைக்குடையவை. மாலைகளில் கண்ணாடி முன் நின்று அவள் பேசிப் பழகினாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

"புறா கொணகற மாதிரியே இருக்கு. அதுல எங்களைப் பத்தி என்ன சொல்ற?"

"மிஷினைப் பத்திம்மா. எப்படி வேலை செய்யுதுன்னு."

மிஷினைப் பற்றியும் சொல்லியிருந்தாள். ஆனால் அதற்கு முன்னால் வேறு சில வரிகள் இருந்தன. 'நீங்கள் ஒருபோதும் பார்க்காத கைகள்' என்று ஒன்று. 'இவர்கள் வாழ்க்கையில் பகல் வெளிச்சத்துக்கு இடமில்லை' என்று இன்னொன்று. கேட்கிறவர்களின் தொண்டை அடைக்க வேண்டும் என்று எழுதியவை. உண்மையில் உருளை மிஷின் இருந்த கூடத்தில் கூரையை ஒட்டி நீளமான ஜன்னல்கள் இருந்தன. மத்தியானத்தில் வெயில் நேராகத் தலைமேல் விழுகிறது என்று அம்மா அலுத்துக்கொள்வது வழக்கம். அது நினைவுக்கு வந்தும் அவள் அந்த வரியை அடிக்கவில்லை. நல்ல வரி.

*

மேடம் சொல்லிக்கொடுத்தவற்றில் இரண்டை யாரும் மறக்க முடியாது. ஒன்று, வழிகாட்டி எதைக் காட்டுகிறாரோ அதற்கு முதுகு கொடுத்து நிற்க வேண்டும். "நீ அதைப் பாத்தியானா உன் குரல் அதுக்குப் போயிடும். உன் ஆளுங்க மூஞ்சியப் பாரு." இரண்டு, உள்ளூர்க்காரர் பேசுவதை மொழிபெயர்க்கும்போது சுருக்க வேண்டும். "அவங்க ஊர்க்கதை எல்லாம் சொல்லுவாங்க. நீ ரெண்டு வரி சொல்லு. விருந்தாளி காலு நோகுது, அதை நெனச்சுக்கோ."

அன்று அவள் உருளை மிஷினுக்கு முதுகு காட்டி நின்றாள். சூடு சட்டையைத் தாண்டித் தோள்களுக்கு வந்தது. முன்னால் அரைவட்டமாக விருந்தினர்கள். அவர்களுக்குப் பின்னால் மதிப்பெண் அட்டையோடு மேடம். மைக் நுழைவாசலில் நின்று, பின்தங்கிய ஒரு முதியவரைக் கைபிடித்துக் கூட்டி வந்துகொண்டிருந்தான். விரிப்பின் மூலையில் தைத்திருக்கும் வண்ண நூலைப் பற்றி அவள் சொன்னாள். எந்த ஹோட்டல் விரிப்பு என்று அடையாளம் காண்பதற்கு அது. "உங்கள் ஹோட்டலின் நூல் பச்சை. இப்போது என் பின்னால் போய்க்கொண்டிருப்பது நீங்கள் நேற்று படுத்ததாகக்கூட இருக்கலாம்." சிரித்தார்கள். ஒருவர் குனிந்து பார்த்து, "என்னுடையது அல்ல, அதில் காப்பிக் கறை இருக்கும்" என்றார். மறுபடி சிரிப்பு. எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்த உயரமான பெண்மணி ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. பள்ளி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பேருந்தில் சொல்லியிருந்தார். அவர் அவள் தோளுக்கு மேலாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மாவிடம் ஒன்று கேட்கலாமா? அவருக்குப் பிள்ளைகள் உண்டா?"

சூப்பர்வைசர் ஏதோ சைகை காட்ட, மிஷின் வேகம் குறைந்தது. அவள் திரும்பினாள். அம்மா தலைத்தொப்பிக்குள் முடியை ஒரு இழைகூட வெளியே தெரியாமல் செருகியிருந்தாள். வேலை உடுப்பைக் காலையில் கஞ்சி போட்டுத் தேய்த்துப் போட்டு வந்திருந்தாள். மகள் வந்ததிலிருந்து அம்மா அவளை ஒரு தடவையும் கூப்பிடவில்லை. பரீட்சை நடக்கும் அறையில் பேசக் கூடாது என்பதைப் போல வாயை இறுக்கி நின்றிருந்தாள்.

"பிள்ளைங்க இருக்காங்களான்னு கேக்கறாங்க" என்றாள் அவள். அம்மா என்ற சொல் அந்த வாக்கியத்தில் இல்லை.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "இதோ நிக்கிறாளே, இவதான். ஒரே பொண்ணு. காலேஜ்ல இதைத்தான் படிக்கிறா. உங்க பாஷையில இவ இவ்வளவு பேசுவான்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும், சொல்லு. எங்க குடும்பத்துல மொத மொத காலேஜுக்குப் போனவ இவதான்னு சொல்லு."

பெரியக்கா விரிப்பின் மறுமுனையைப் பிடித்தபடி, "மூக்கைப் பாத்தாலே தெரியாதா அவங்களுக்கு" என்றாள்.

அவள் விருந்தினர்கள் பக்கம் திரும்பினாள். எத்தனையோ வழிகள் இருந்தன. ஒரு சொல் போதும். ஆனால் அந்த நொடியில் அவளுக்குத் தோன்றியது இதுதான்: அந்தச் சொல்லைச் சொன்னால் இத்தனை கண்களும் மிஷினிலிருந்து விலகித் தன்மேல் விழும். பார்க்காத கைகள், பகல் வெளிச்சம் என்று தான் சொன்னதெல்லாம் தன் வீட்டுக்கே வந்து உட்காரும்.

"அவருக்கு ஒரு மகள். கல்லூரியில் படிக்கிறாள். குடும்பத்தில் முதல் ஆள். அதில் அவருக்கு மிகவும் பெருமை" என்றாள் பிரெஞ்சில். குரல் நடுங்கவில்லை.

நூலகர் முன்னால் வந்தார். அம்மாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். அம்மா அவர் தோளுக்கு மேலாக மகளைப் பார்த்தாள். சொல்லிவிட்டாய் அல்லவா என்ற பார்வை.

அவள் தலையசைத்தாள்.

திரும்பும் வழியில் பேருந்தில் நூலகர் அவள் அருகே வந்து உட்கார்ந்தார். "அந்த மகள் என்ன படிக்கிறாள்?"

"சரியாகத் தெரியவில்லை" என்றாள்.

இது சுருக்கம் அல்ல என்று அவளுக்குத் தெரிந்தது.

*

"கையை விடவே இல்லீங்க" என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். "உம் பொண்ணா, உம் பொண்ணான்னு என்னையும் இவளையும் மாறி மாறிப் பாத்தாங்க. கண்ணு கலங்கிடுச்சு அவங்களுக்கு. இவ சொன்னதும் எல்லாரும் அப்படியே வாயடைச்சுப் போயிட்டாங்க."

அப்படி யாரும் மாறி மாறிப் பார்க்கவில்லை. அம்மா அதைச் சேர்த்துக்கொண்டாள் என்றும் சொல்ல முடியாது. அவள் பார்த்தபடிதான் சொன்னாள். மகள் யார் என்று தெரிந்த ஒருவர் பார்க்கும் பார்வையாகவே அது அவளுக்குப் பட்டிருந்தது.

"நான் ஒருத்தன் இருக்கறதைச் சொன்னாளா?" என்றார் அப்பா.

"உங்களைப் பத்தி யாரும் கேக்கல."

"அதானே. பொண்ணு எங்கேருந்தோ பார்சல்ல வந்தா."

அவள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருந்தாள். "என்னடீ, மூஞ்சி தொங்குது? மேடம் ஏதாவது சொன்னாங்களா?" என்று அம்மா கேட்டாள். இல்லை, நின்று நின்று கால் வலி என்றாள். அம்மா வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தாள். நாளெல்லாம் நின்றவள் அம்மா. அவள் அந்த வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. எப்படித் தொடங்குவது என்று யோசித்தாள். எந்தத் தொடக்கமும் அம்மாவின் முகத்தில் போய்த்தான் முடிந்தது. நீர் ஆறிய பிறகும் காலை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சலவைக்கூடத்திலிருந்து அம்மா ஏதாவது கொண்டுவந்தாள். துவைக்கும் பகுதியில் இருப்பவர்கள் கேட்டார்கள். சூப்பர்வைசர் கேட்டார். வாசலில் இருக்கும் காவலாளி, "உங்க பொண்ணு பேசறதை அவங்க நெஜமாவே புரிஞ்சுக்கறாங்களா?" என்று கேட்டாராம். அம்மா சொன்ன பதிலையும் சொன்னாள்: "புரியாமலா என் கையப் புடிச்சாங்க?"

வீட்டில் அவள் பேச்சு குறைந்தது. முன்பும் அதிகம் பேசுகிறவள் அல்ல. அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அமைதியாக இருப்பதற்கு அந்த வீட்டில் எப்போதும் ஓர் இடம் இருந்தது. இப்போது அந்த இடமே அவளைக் குத்தியது.

*

மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். மதிப்பெண் போட்டாயிற்று என்றார். வகுப்பிலேயே அதிகம் அவர்களுக்குத்தான். மைக்குக்கு மட்டும் தலை எண்ணும்போது வாய்விட்டு எண்ணியதற்குக் கொஞ்சம் குறைத்திருந்தார்.

"ஒண்ணு சொல்லணும்" என்று கதவைச் சாத்தச் சொன்னார். "அந்தம்மா பேசினது என் காதுல விழுந்துச்சு. நீ என்ன சொன்னேங்கறதும் கேட்டுச்சு."

அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்தாள்.

"வேற ஒருத்தியா இருந்தா அங்கேயே கட்டிப்புடிச்சு ஒரு நாடகம் நடந்திருக்கும். அப்புறம் மிஷினை யாரு பாப்பா? பாக்க வந்தது உன்னை இல்லையே. நீ உன்னை வெளியே வெச்சுட்டுச் சுருக்கினே பாரு, அதுதாம்மா தொழில். அதுக்குன்னே நான் தனியா மார்க் போட்டிருக்கேன்."

மேடம் அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் ஏதாவது பதில் இருந்திருக்கும். அழுதிருக்கலாம். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. தான் செய்ததை ஒருவர் பார்த்திருக்கிறார், பார்த்துவிட்டு அதற்கு ஒரு நல்ல பெயரும் வைத்திருக்கிறார். அந்தப் பெயரைத் தானும் சில இரவுகள் முயன்று பார்த்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. தொழில். அது பொருந்தாமலே இருந்தது. பேருந்தில் சொன்னதற்கு அதில் இடம் இல்லை.

"இன்னொண்ணு. அந்த நூலகரா இருந்தவங்க இருக்காங்களே, மலைப்பக்கம் எல்லாம் சுத்திட்டு நாளைக்குத் திரும்பி வர்றாங்க. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி அந்தம்மாவை மறுபடி பாக்கணுமாம். பொண்ணுக்குன்னு ஏதோ புஸ்தகம் வாங்கியிருக்காங்களாம். பொண்ணையும் வரச் சொல்ல முடியுமான்னு ஹோட்டல்ல கேட்டிருக்காங்க. பேசறதுக்கு நீதான் வேணுமாம்."

அவள் நிமிர்ந்தாள்.

"பயப்படாதே" என்றார் மேடம். "பொண்ணு வெளியூர் போயிருக்கான்னு சொல்லிடு. புஸ்தகத்தை அந்தம்மா வாங்கிக்கட்டும். சாயங்காலம் அது உன் கைக்குத்தானே வரப்போகுது." தானே சொன்னதற்குத் தானே சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

*

அம்மாவுக்கு மறுநாள் காலையிலேயே செய்தி போயிருந்தது. மதிய இடைவேளையில், சலவைக்கூடத்தின் பின்புறம் இருந்த சாப்பாட்டு அறையில் அம்மா காத்திருந்தாள். முகம் கழுவியிருந்தாள். பெஞ்சைத் துடைத்து, அதன்மேல் துவைத்த துவாலை ஒன்றை விரித்திருந்தாள். பெரியக்கா சோற்றுப் பாத்திரத்தைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள்.

"வா வா, பிரெஞ்சுக்காரி" என்றாள் பெரியக்கா. "உங்கம்மா காலைலேருந்து மிஷினுக்கு ஊட்டற விரிப்பை எல்லாம் தலைகீழா ஊட்டிட்டிருக்கா."

நூலகர் ஹோட்டல் காரில் வந்து இறங்கினார். வெயிலில் முகம் சிவந்திருந்தது. கையில் அட்டைப் பை. அம்மாவைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார். அம்மாவும் நீட்டினாள். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவள் நின்றாள்.

நூலகர் அறையைச் சுற்றிப் பார்த்தார். பெரியக்காவைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு அவளிடம் கேட்டார்: "மகள் வரவில்லையா?"

வரும் வழியெல்லாம் அவள் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தாள். வெளியூர் போயிருக்கிறாள். இலக்கணப் பிழை இல்லாத, சின்ன வாக்கியம். வாயைத் திறந்தாள். அம்மா ஆவலோடு அவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்குப் புரியாத மொழியில் தன் பெண் பேசப்போவதைப் பார்க்கும் ஆவல். எது சொன்னாலும் அம்மா அதை நம்பித் தலையாட்டுவாள். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"நான்தான் மகள்" என்றாள் பிரெஞ்சில்.

நூலகருக்கு முதலில் புரியவில்லை. விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கப் போனார்.

"இவர் என் அம்மா. அன்றைக்கு இவர் சொன்னது அதுதான். நான் அதை உங்களுக்குச் சொல்லவில்லை."

"நான் பேருந்தில் உங்களிடம் கேட்டேன்."

"ஆமாம். தெரியாது என்று சொன்னேன்."

நூலகர் அம்மாவைப் பார்த்தார், திரும்ப அவளைப் பார்த்தார். அம்மா முன்பே வீட்டில் சொல்லியிருந்த அந்த மாறி மாறிப் பார்க்கும் பார்வை, இப்போதுதான் உண்மையாக நடந்தது. அதில் கோபம் இல்லை. யாரோ அடிபட்டிருப்பதைப் பார்க்கிறவரின் கவனம் இருந்தது. யாருக்கு அடி என்று தேடுவதுபோல.

"அவருக்குத் தெரியுமா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"தெரியாது. நான் சொல்லிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்."

"என்னடீ, நீங்க ரெண்டு பேருமே பேசிட்டிருக்கீங்க" என்றாள் அம்மா சிரித்தபடி. "எனக்கும் சொல்லேன். என்ன கேக்கறாங்க?"

நூலகர் அவள் மணிக்கட்டை லேசாகத் தொட்டார். சொல்ல வேண்டாம் என்பதாகவும் இருக்கலாம், சொல் என்பதாகவும் இருக்கலாம். அவள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

"அம்மா, அன்னைக்கு நீ இவதான் என் பொண்ணுன்னு சொன்னேல்ல. அதை நான் அவங்ககிட்ட சொல்லல. ஒரு பொண்ணு இருக்கா, காலேஜ்ல படிக்கிறான்னு மட்டும் சொன்னேன். அது நான்னு சொல்லல. அந்தப் பொண்ணைப் பாக்கணும்னுதான் இவங்க இன்னிக்கு வந்திருக்காங்க. இப்பதான் சொன்னேன்."

அம்மாவின் சிரிப்பு உடனே போகவில்லை. யாரோ எடுத்துவைக்க மறந்ததுபோல முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. கதவருகே பெரியக்கா பாத்திரத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். அடுத்த அறையில் தண்ணீர் வடியும் சத்தம் கேட்டது.

"கையைப் புடிச்சாங்களே" என்றாள் அம்மா.

"அது உனக்காகப் புடிச்சாங்கம்மா."

"ம்."

அம்மா விரித்திருந்த துவாலையின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். நேராகத்தான் இருந்தது. அம்மா திட்டுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். ஏன் என்று கேட்பாள், அதற்கு ஏதாவது பதில் சொல்லலாம் என்று எதிர்பார்த்தாள். மேடம் சொன்ன விதியைச் சொல்லலாம். பாக்க வந்தது என்னை இல்லம்மா. அது தொண்டைவரை வந்து நின்றது. அதைச் சொன்னால் அம்மாவை ஒதுக்குவது இது இரண்டாவது தடவையாகும் என்று தோன்றி விழுங்கிக்கொண்டாள்.

"இப்பச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"சரி." அம்மா எழுந்தாள். "டீ குடிப்பாங்களான்னு கேளு. சக்கரை எவ்வளவுன்னும் கேளு."

அவள் கேட்டாள். நூலகர் குடிப்பேன் என்றார், சர்க்கரை வேண்டாம் என்றார். அவள் அதைச் சொல்வதற்குள் நூலகரே விரலை ஆட்டிக் காட்டிவிட்டார். அம்மா புரிந்துகொண்டு தலையசைத்தாள். "அப்பச் சப்புன்னு இருக்குமே" என்று நேராக அவரிடமே சொன்னாள். நூலகர் அதற்குப் பிரெஞ்சில் ஏதோ பதில் சொன்னார். என் வயதில் மருத்துவர் விடுவதில்லை என்று. அம்மா திரும்பி அர்த்தம் கேட்கவில்லை. வயிற்றைத் தட்டிக் காட்டி, "எங்க வீட்டுக்காரருக்கும் இதேதான்" என்றாள்.

அவள் போய் டீ வாங்கி வந்தாள். வந்தபோது அட்டைப் பை திறந்திருந்தது. மலைப்பகுதியின் படங்கள் நிறைந்த பெரிய புத்தகம். யார் கையில் கொடுப்பது என்று நூலகர் தயங்கினாரோ என்னவோ, அது இப்போது அம்மாவின் மடியில் இருந்தது. இருவரும் தலையைச் சேர்த்து வைத்துப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்தில் மலைச்சரிவு விடுதி ஒன்றின் கொடியில் வெள்ளை விரிப்புகள் காற்றில் உப்பியிருந்தன. அம்மா அதன்மேல் விரலை வைத்து, "இது பாருங்க, சரியாப் பிழியல. தண்ணி இன்னும் அடியில நிக்குது" என்றாள். நூலகர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்து, பிரெஞ்சில், அங்கே எப்போதும் மழைதான், எதுவும் காயாது என்றார். "ஆமாங்க" என்றாள் அம்மா.

டீயை அவர்கள் முன்னால் வைத்தாள். "உனக்கும் எடுத்துக்க, ஆறிடும்" என்றாள் அம்மா. குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. முகத்தை மட்டும் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை.

பெரியக்கா அருகே வந்து, அவள் தோளில் கை வைக்கப் போய், வைக்காமல், பாத்திரத்தைக் கழுவப் போனாள்.

அவள் எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். அம்மா சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிரெஞ்சு அவள் நாக்கில் வந்து நின்றது. நூலகர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தமிழ் வந்தது. சுருக்காமல், ஒரு சொல்கூட விடாமல் வந்தது. அவர்கள் இருவரும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். படத்தில் இருந்த பாலத்தைக் காட்டி நூலகர் என்னவோ கேட்டார். அம்மாவுக்குப் புரியவில்லை. தலையைச் சாய்த்து யோசித்தாள். ஒரு கணம் நிமிர்ந்து மகள் இருந்த பக்கம் பார்க்கப் போவதுபோல இருந்தது.

பிறகு தன் கைகளாலேயே காற்றில் ஒரு பாலம் வரைந்து காட்டி, "இதுவா?" என்று அவரிடம் கேட்டாள்.